தீப்பெட்டி இல்லாத படம்

2022 மே மாதம் ஒரு நாள் காலையில், கோவில்பட்டியிலிருந்து அப்பா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். செம்மண் நிறத்தில் ஒரு மலைச்சரிவு. அடுக்கடுக்காகப் பாறை. நடுவில் ஒரு வாசல். நிலை வைத்துச் செதுக்கியதுபோல இரண்டு பக்கமும் நேராக இருந்தது, உள்ளே இருட்டு. செவ்வாய்க் கிரகத்தில் நாசா கண்டுபிடித்த கதவு என்று படத்தின் மேலேயே யாரோ எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே அப்பா ஒரே ஒரு கேள்வி தட்டியிருந்தார்: "எவ்வளவு ஒசரம்மா இது?"

அன்றைக்கு அந்தப் படம் எனக்கு வேறு மூன்று குழுக்களிலிருந்தும் வந்தது. உண்மையா பொய்யா என்று கேட்டார்கள், நாசா எதை மறைக்கிறது என்று கேட்டார்கள். உயரம் எவ்வளவு என்று கேட்டவர் அப்பா மட்டும்தான்.

அப்பா நாற்பது வருஷம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் எடுத்ததுபோகக் கோர்ட் கேஸுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் படம் எடுத்துக் கொடுப்பார். சுவரில் விரிசல், வண்டியில் நசுங்கல், வரப்பு வெட்டிய தடம் இப்படி. அந்தமாதிரி வேலைக்குப் போனால் சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து விரிசலுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் கேமராவைக் கண்ணில் வைப்பார். எங்கள் ஊரில் தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. "விரிசலை மட்டும் எடுத்தா அது மயிரிழையா மலைப்பிளவான்னு ஜட்ஜுக்கு எப்படித் தெரியும்? தீப்பெட்டி எல்லாருக்கும் தெரியும்" என்பார்.

அந்த வாசலுக்குப் பக்கத்தில் தீப்பெட்டி இல்லை. எல்லாக் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

படம் உண்மையானது. செவ்வாயில் ஊர்ந்து திரியும் நாசாவின் வண்டியான கியூரியாசிட்டி ரோவர் 2022 மே 7 அன்று கேல் பள்ளத்தில், ஷார்ப் மலையின் சரிவில் எடுத்தது. யாரும் அதில் கைவைக்கவில்லை. ஆனால் அந்த வாசலின் உயரம் ஏறக்குறைய 30 செ.மீ., அகலம் 40 செ.மீ. ஒரு கோழிகூடக் கொஞ்சம் குனிந்துதான் உள்ளே போகவேண்டும். அந்தப் பாறைத் திட்டு முழுக்க நேர்கோட்டு வெடிப்புகள் ஓடுகின்றன. அப்படிச் சில வெடிப்புகள் ஓரிடத்தில் சந்தித்துக்கொள்ள, நடுவில் இருந்த துண்டு போய்விட்டது. மிச்சமிருப்பது ஒரு மாடக்குழி. அப்பாவிடம் போனில் சொன்னேன். "ஒரு அடியா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "ஒரு அடின்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அங்க யாரு டேப் பிடிச்சா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில்தான், நாசா பொதுவில் வைத்திருக்கும் ரோவர் படங்களைப் பார்க்கும் பழக்கம் எங்கள் இருவருக்கும் வந்தது. மெருகு போடாத மூலப் படங்கள், பூமிக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பெரிய கொடை இது! என்றாவது உயிரின் தடம் அங்கே தெரிந்தால், விஞ்ஞானி பார்க்கிற அதே வாரத்தில் கோவில்பட்டியில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற போட்டோகிராபரும் பார்த்துவிடலாம். அதனால்தான், இந்தப் படங்களில் எதையோ கண்டேன் என்று சொல்கிறவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. அவர்கள் பார்க்கவாவது செய்கிறார்கள்.

டேப் பிடிக்கும் வேலையை ரோவரின் இரண்டு கண்கள் செய்கின்றன. இதற்கு முன் அங்கே போன ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஆகிய இரண்டு ரோவர்களின் தூணிலும் 30 செ.மீ. இடைவெளியில் ஒரு ஜோடி கேமரா இருந்தது. ஒரே கல்லை இரண்டும் கொஞ்சம் வேறுவேறு கோணத்தில் பார்க்கும். விரலை முகத்துக்கு நேரே நீட்டி ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்தால் விரல் இடம் மாறுகிறதே, அதே கணக்கு. எவ்வளவு நகர்ந்தது என்பதிலிருந்து தூரம் கிடைக்கும். தூரம் தெரிந்தால் அளவு கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கைப் போட்டவுடன் எத்தனையோ அதிசயங்கள் சுருங்கிவிடுகின்றன. 2007 நவம்பரில் ஸ்பிரிட் எடுத்த அகலப்படத்தில் ஒரு பெண் உருவம், கை நீட்டி உட்கார்ந்திருப்பதுபோல. 2008 ஜனவரியில் உலகமே அதைப் பார்த்தது. அந்த உருவம் ரோவரிலிருந்து சில மீட்டர் தூரத்தில்தான் இருந்தது, அதன் உயரம் ஏறக்குறைய 6 செ.மீ. கிட்டத்தட்டத் தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த அளவு. அதற்கு முன்பு 2004-ல், ஆப்பர்ச்சூனிட்டி இறங்கிய இடத்தில் முயல் காது மாதிரி மஞ்சளாக ஒன்று தெரிந்தது. அதுவும் தீப்பெட்டி அளவுதான். ரோவர் காற்றுப்பைகள் சூழத் துள்ளித் துள்ளித் தரையிறங்கியது இல்லையா, அந்தக் கலத்திலிருந்து பிய்ந்த மெல்லிய துண்டாக இருக்கும் என்று குழுவினர் கருதினார்கள். 2022 ஜூலையில் பெர்சிவியரன்ஸ் என்ற ரோவர் பார்த்த, நூடுல்ஸ்போலச் சுருண்டு கிடந்த நூலும் நம் குப்பைதான். மனிதன் இன்னும் கால்வைக்காத இடத்தில் அவன் குப்பை காற்றில் உருள்கிறது என்று நினைக்கும்போது எனக்கு உள்ளூரக் கஷ்டமாகத்தான் இருந்தது.

சரி, அளவு தெரிந்துவிட்டால் போதுமா என்றால், இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. 2014 ஜனவரி. ஆப்பர்ச்சூனிட்டி எண்டெவர் பள்ளத்தின் விளிம்பில் நின்றிருக்கிறது. அது செவ்வாயில் கழித்த 3528-வது நாள் எடுத்த படத்தில் ஒரு வெறும் பாறைத்தளம். அதே இடத்தை 3540-வது நாள் எடுத்தால், அங்கே ஒரு கல் உட்கார்ந்திருக்கிறது. ஓரம் வெளுத்து, நடுவில் ஜாம் தடவினதுபோலச் சிவந்து. 4 செ.மீ. அகலம். பன்னிரண்டு நாளில் எங்கிருந்து வந்தது? வளர்ந்த உயிர் என்று சொல்லி, அதை நெருக்கத்தில் படம் எடுக்கும்படி நாசாவுக்கு உத்தரவிடக் கோரி ஒருவர் கலிபோர்னியாவில் நீதிமன்றத்துக்கே போனார்.

இதில் நான் கவனிப்பது இதைத்தான்: இங்கே பார்த்தவர்கள் தப்பாகப் பார்க்கவில்லை. முன்பு இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது என்பது நிஜம். ரோவர் குழுவும் அதே வியப்போடுதான் நிறுத்தி ஆராய்ந்தது. கருவிகளை வைத்துப் பார்த்ததில் கந்தகமும் மாங்கனீசும் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. பிறகு ரோவரைக் கொஞ்சம் நகர்த்தித் திரும்பிப் பார்த்தார்கள். மேட்டில், சக்கரம் போன தடத்தில், அதேமாதிரி நிறத்தில் உடைந்த பாறை ஒன்று கிடந்தது. ரோவர் தானே மிதித்து உடைத்த கல், சில்லாகத் தெறித்துக் கீழே வந்து விழுந்திருக்கிறது. பின்னக்கிள் ஐலண்ட் என்று அதற்குப் பேர் வைத்தார்கள். முதல் படம் ஒரு கேள்வியைக் கொடுத்தது, திரும்பிப் பார்த்து எடுத்த படம் பதிலைக் கொடுத்தது. நமக்கு வரும் ஃபார்வர்டுகளில் அந்த இரண்டாவது படம் ஒருநாளும் வருவதில்லை.

அதே வருஷம் ஏப்ரலில் கியூரியாசிட்டி படத்தில் அடிவானத்தில் ஒரு வெளிச்சம் கம்பம்போல நின்றது. வலது கண் எடுத்த படத்தில் இருந்தது. அதே நொடியில் இடது கண் எடுத்ததில் இல்லை. அப்பாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "பிலிம்ல விழுந்த புள்ளி, ஊர்ல விழுந்த இடி இல்ல" என்றார். நெகட்டிவில் தூசுப் புள்ளி விழுந்தால் பென்சிலைக் கூராகச் சீவி, லென்ஸை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் டச்சிங் செய்தவர் அவர். விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்த் துகள் ஒன்று கேமராவில் படம் பதியும் சிப்பில் பட்டால் அப்படித்தான் பதியும். பாறையின் பளபளப்பாகவும் இருக்கலாம், கேமராவுக்குள் ஒளி கசிந்தும் இருக்கலாம்.

புள்ளி என்றதும் அந்த முகம் ஞாபகம் வருகிறது. 1976 ஜூலை 25 அன்று, வைக்கிங் 1 சுற்றுக்கலம் சைடோனியா என்ற பகுதிக்கு மேலே பறந்துகொண்டிருந்தது. அடுத்த கலத்தை இறக்க இடம் தேடும் வேலை. அந்தப் படம் ஒன்றில் வானத்தைப் பார்த்துப் படுத்த மனித முகம். கண்குழி, மூக்கு, வாய் எல்லாம் இருந்தது. நாசாவே அதை வெளியிட்டு, நிழல் செய்த மாயம் என்றும் சேர்த்து எழுதியது. நிழல் என்ற சொல்லை யாரும் படிக்கவில்லை, முகம் மட்டும் ஊர் ஊராகப் போய்விட்டது. சூரியன் தாழ்ந்திருந்த நேரம், அதனால் நிழல் நீளம். படத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய 45 மீட்டர் தரைக்குச் சமம், அதாவது ஒரு தெருவே ஒரு புள்ளி. போதாக்குறைக்கு, தகவல் வந்து சேர்ந்ததில் விட்டுப்போன இடங்களெல்லாம் கறுப்புப் புள்ளிகளாகிவிட்டன. அதில் ஒன்று சரியாக மூக்குத் துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் விழுந்தது. அப்பா கையில் கிடைத்திருந்தால் டச்சிங்கில் முதலில் அழித்திருப்பார். 1998-லும் 2001-லும் மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற சுற்றுக்கலம் அதே இடத்தைப் பல மடங்கு தெளிவாக எடுத்தது. அரித்துப்போன ஒரு மொட்டை மேடு, அவ்வளவுதான்.

முகத்தைக் கண்டவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் மூளையில் முகம் பார்ப்பதற்கென்றே ஒரு பகுதி வேலை செய்கிறது. இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு போதும் அதற்கு. நிலாவில் பாட்டி வடை சுடுவதைப் பார்த்துத்தானே நாம் எல்லோரும் வளர்ந்தோம். எனக்கு இன்றைக்கும் பௌர்ணமியன்று பாட்டி தெரிகிறாள். அவள் அங்கே இல்லை என்று தெரிந்தாலும் கண் அவளை விடுவதில்லை.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் உறைத்தது 1903-ல் இங்கிலாந்தின் கிரீனிச்சில் நடந்த ஒரு பரிசோதனை. அதற்கு முன் இத்தாலிய வானியலாளர் சியாபரெல்லி 1877-ல் செவ்வாயில் கோடுகளைக் கண்டு வரைந்திருந்தார். அமெரிக்காவில் பெர்சிவல் லோவெல் 1894-ல் அரிசோனா மாநிலத்தின் பிளாக்ஸ்டாஃபில் சொந்தச் செலவில் ஆய்வகமே கட்டி, அவை கால்வாய்கள், வறண்டுபோகும் உலகத்துக்குத் துருவப் பனியிலிருந்து தண்ணீர் கொண்டுவர அங்கிருப்பவர்கள் வெட்டியவை என்று நம்பினார். கிரீனிச் வான் ஆய்வகத்தின் வால்டர் மாண்டர் என்ன செய்தார் என்றால், செவ்வாயின் படம் ஒன்றைத் தயாரித்தார். அதில் கோடு எதுவும் கிடையாது, திட்டுகளும் சிறுசிறு புள்ளிகளும்தான். பள்ளிக்கூடத்துப் பையன்கள் முன்னால் மாட்டிவைத்து, தெரிவதை வரையுங்கள் என்றார். முன்வரிசைப் பையன்கள் புள்ளிகளைப் புள்ளிகளாக வரைந்தார்கள். கடைசி வரிசைக்கு வெறும் திட்டு தெரிந்தது. நடுவில் இருந்தவர்களில் பலர் கோடு போட்டார்கள். கால்வாய்! அந்தப் பையன்கள் பொய் சொல்லவில்லை. பார்வை முடிகிற எல்லையில் புள்ளிகளைக் கண்ணே இணைத்துக் கொடுத்துவிட்டது.

நடு வரிசை என்பது எப்போதும் இருக்கிறது. தொலைநோக்கியில் இருந்தது, வைக்கிங் படத்தில் இருந்தது, இன்றைக்கு நம் கைபேசித் திரையில் இருக்கிறது. ரோவரின் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பாறை முடிந்துவிடும். அதற்கப்புறம் தெரிவது படத்தைச் சுருக்கி அனுப்பியதில் உண்டான சின்னச் சின்னச் சதுரங்கள். 2019 நவம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பூச்சியியல் பேராசிரியர் ஒருவர், ரோவர் படங்களில் தேனீபோன்ற பூச்சிகளும் ஊர்வனவும் தெரிகின்றன என்று பூச்சியியலாளர் மாநாட்டிலேயே அறிவித்தார். அவருடைய பல்கலைக்கழகம் வெளியிட்ட செய்திக் குறிப்பு சில நாளில் விலக்கப்பட்டது. வாழ்நாள் முழுக்கப் பூச்சியைப் பார்த்துப் பழகிய கண், திரை சிதைகிற எல்லையில் பூச்சியைத்தான் இணைத்துக் கொடுக்கும். படிப்பு இருந்தால் தப்பித்துவிடலாம் என்று நாம் நினைக்கிறோம். அது நடு வரிசையிலிருந்து நம்மை எழுப்பி முன்வரிசையில் உட்கார வைப்பதில்லை.

அப்பாவுக்கு நான் சொன்னதில் மிகவும் சந்தோஷம் தந்த தகவல் ஒன்று உண்டு. கியூரியாசிட்டி தன்னோடு ஒரு காசு கொண்டுபோயிருக்கிறது. 1909-ல் அச்சடித்த, லிங்கன் தலை போட்ட அமெரிக்கச் செப்புக் காசு. கைக்கேமராவைச் சரிபார்க்கும் பலகையில் அதைப் பதித்திருக்கிறார்கள். நிலவியலாளர்கள் களத்தில் பாறையைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் காசையோ சுத்தியலையோ வைப்பது வழக்கம், அதை நினைத்து வைத்தது. "அப்ப தீப்பெட்டி வச்சிருக்கான்னு சொல்லு" என்று சிரித்தார்.

ஆனால் அளவும், நிழலும், இன்னொரு படமும் எல்லாம் சரியாக இருந்தாலும் வடிவம் மட்டுமே சாட்சியாகாது. இது பூமியிலேயே நிரூபணமான விஷயம். கிரீன்லாந்தில் இசுவா என்ற இடத்தில் 370 கோடி ஆண்டுப் பழமையான பாறை இருக்கிறது. அதில் சில சென்டிமீட்டர் உயரக் கூம்புகள் வரிசையாகத் தெரிந்தன. கடலடியில் நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கடுக்காக வளர்ந்து கட்டிய மேடுகள் என்று 2016-ல் ஒரு குழு அறிவித்தது. மிகப் பழைய உயிரின் தடம் என்று உலகமே கொண்டாடியது. 2018-ல் அபிகெயில் ஆல்வுட் என்ற ஆஸ்திரேலிய நிலவியலாளரும் கூட வந்தவர்களும் அதே பாறையை இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தார்கள். முன்பக்கம் கூம்பாகத் தெரிந்தது, பக்கவாட்டில் நீண்ட வரப்பாக ஓடியது. சில கூம்புகள் தலைகீழாக இருந்தன. வளர்ந்தவை என்றால் எல்லாம் மேல்நோக்கித்தானே இருக்கவேண்டும்? பாறை கோடிக்கணக்கான வருஷம் பூமிக்குள் அழுந்தி இழுபட்டதில் விழுந்த மடிப்பு என்பது அவர்கள் முடிவு. கையில் எடுக்கலாம், சுத்தியலால் தட்டலாம், ஆய்வகத்துக்குக் கொண்டுபோகலாம் என்ற நிலையில் இருக்கும் கல்லிலேயே இந்தப் பாடு. அண்டார்டிகாவில் 1984-ல் கிடைத்த செவ்வாய் விண்கல் ஒன்றில் 1996-ல் புழுமாதிரி வடிவம் தெரிந்து, அமெரிக்க அதிபர் கிளிண்டனே பத்திரிகையாளர் முன் வந்து பேசினார். அந்த வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

அதே ஆல்வுட், பெர்சிவியரன்ஸ் கையில் இருக்கும் பிக்சல் என்ற எக்ஸ்ரே கருவியை உருவாக்கிய அணிக்குத் தலைவர். அந்தக் கருவி பார்த்த ஒரு கல்லைப் பற்றித்தான் இவ்வளவு தூரம் வந்து சொல்ல நினைத்தேன்.

செவ்வாயில் ஜெசெரோ என்ற பள்ளத்துக்குள் ஒரு காலத்தில் ஆறு வந்து கலந்தது. அந்த ஆற்றுப்படுகையில் 2024 ஜூலையில் பெர்சிவியரன்ஸ் ஒரு களிமண் பாறையைக் கண்டது. செயாவா ஃபால்ஸ் என்று பேர் வைத்தார்கள். ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். கதவும் இல்லை, எலும்பும் இல்லை, முகமும் இல்லை. செம்மண் நிறத் தளத்தில் வெள்ளை நரம்புகள், நடுவே வெளிறிய புள்ளிகள், அதைச் சுற்றிக் கறுப்பு வளையம். சிறுத்தைப் புள்ளி என்கிறார்கள். ஒவ்வொன்றும் மில்லிமீட்டர் கணக்கு. தீப்பெட்டி அளவுகூட இல்லை, தீக்குச்சியின் தலை அளவு.

அந்தப் பாறையில் கரிமச் சேர்மங்கள் இருந்தன. புள்ளிகளில் இரும்பும் பாஸ்பரசும் கந்தகமும் இருந்தன. விவியனைட், கிரெய்கைட் என்ற இரண்டு கனிமங்களாக அவை இருக்கவேண்டும் என்று 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. நம் குளத்து அடிச்சேற்றில், காற்றுப் படாத இடத்தில், மக்கிய பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதில் இரும்பையும் சல்பேட்டையும் பிடித்துக்கொண்டு பிழைக்கும். அப்படிப் பிழைத்த இடத்தில் இந்தமாதிரிக் கனிமங்கள் படியும். உயிர் இல்லாமலும் இவை உண்டாகலாம். ஆனால் அதற்குப் பொதுவாக நல்ல சூடு வேண்டும், அந்தப் பாறையோ சுடுபட்ட அடையாளம் காட்டவில்லை. அதனால், உயிரின் தடமாக இருக்க வாய்ப்புள்ளது என்ற அளவில் அந்த ஆய்வு நிறுத்திக்கொள்கிறது. உயிர் கண்டோம் என்று சொல்ல ஏழு படி ஏறவேண்டும் என்று நாசா விஞ்ஞானிகள் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். இந்தக் கல் அதில் கீழ்ப்படிகளில்தான் நிற்கிறது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது இந்தக் கல்லுக்குத்தான், கதவுக்கு இல்லை. அந்தப் புள்ளிகளில் நம் சாயல் எதுவும் கிடையாது. கதவு நாம் கட்டுவது, முகம் நாம் வைத்திருப்பது, எலும்பு நம் உடம்பில் இருப்பது. இத்தனை காலம் அந்தப் படங்களில் நாம் நம்மையே தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். அங்கே யாராவது வாழ்ந்திருந்தால், அவர்கள் 300 கோடி வருஷத்துக்கும் முன்னால், சேற்றுக்குள், முகமே இல்லாமல் வாழ்ந்து முடித்தவர்கள். அவர்கள் விட்டுப்போனது ஒரு கறையாகத்தான் இருக்கமுடியும்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அந்தப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு இப்போது 78 வயது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இதுல என்ன இருக்கு?" என்றார். பூஜை அறையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துவந்து, ஒரு குச்சியை உருவி, திரையில் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் வைத்தேன். தலை அளவுதான் என்றேன். சேறு, நுண்ணுயிர், இரும்பு என்று எனக்குத் தெரிந்தமாதிரி சொன்னேன். அந்தக் கல்லில் துளைபோட்டு சாக்பீஸ் அளவுக்கு ஒரு துண்டை எடுத்துக் குழாயில் அடைத்து ரோவர் வயிற்றுக்குள் வைத்திருக்கிறார்கள், இங்கே கொண்டுவந்து பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

"எப்ப வரும்?"

பழைய திட்டப்படி என்றால் 1,100 கோடி டாலர் வரை ஆகும், 2040-க்கு முன்னால் வராது என்று நாசாவே 2024-ல் சொன்னது. அதற்கப்புறம் உறுதியாகத் தேதி குறிக்கவில்லை. இதை அவரிடம் சொல்லச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

குச்சியை வாங்கித் திரும்பப் பெட்டிக்குள் போட்டார். "சரி, அந்தப் படத்த எனக்கு அனுப்பு. பெருசா" என்றார்.